அல்ஜினேட் மணிகளின் நடுவில் செல்கள் சாகின்றன: மணியின் அளவுதான் காரணமா?

அல்ஜினேட்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக இன்சுலின் சுரக்கும் செல்களை அல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்) மணிகளுக்குள் அடைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறேன். உடலின் எதிர்ப்பு மண்டலம் தாக்காதபடி செல்களை உறைக்குள் வைத்துச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்துவதுதான் நோக்கம். ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வைக்க முடியவில்லை. இந்த வேலை செய்து பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் செய்வது இதுதான். இன்ஸ்-1 செல்கள், அதாவது எலியின் இன்சுலினோமாவிலிருந்து வந்த செல் வரிசை. 2 சதவீத சோடியம் அல்ஜினேட்டில் மில்லிக்கு 30 மில்லியன் செல் வீதம் கலக்கிறேன். சிரிஞ்சில் எடுத்து 27 கேஜ் ஊசி வழியாகக் கையாலேயே அழுத்தி, 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் சொட்டவிடுகிறேன். பத்து நிமிடம் ஊறிய பிறகு பாஸ்பேட் பஃபரில் இரண்டு முறை கழுவி, ஆறு கிணறு (குழி) உள்ள ப்ளேட்டில் கிணற்றுக்கு ஒரு மில்லி மணிகள், அதன் மேல் 5 மில்லி ஆர்பிஎம்ஐ மீடியம் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல்). இரண்டு நாளைக்கு ஒருமுறை மீடியம் மாற்றுகிறேன்.

மறுநாள் கால்சீன் (உயிருள்ள செல்லைப் பச்சையாக்கும் சாயம்), ப்ரொபிடியம் அயோடைடு (செத்த செல்லைச் சிவப்பாக்கும் சாயம்) போட்டுப் பார்த்தால் எல்லாம் பச்சையாக, அழகாக இருக்கிறது. வாரக் கடைசியில் பார்த்தால் விளிம்பில் ஒரு வளையம் மட்டும் பச்சை. அதற்கு உள்ளே சிவப்புப் புள்ளிகள். நட்டநடுவில் ஒன்றுமே தெரியாத இருட்டு. மணிகளும் உப்பி, மெதுமெதுவென்று ஆகிவிடுகின்றன, பைப்பெட்டில் எடுத்தாலே சில உடைகின்றன. போதாக்குறைக்குப் பாதி மணிகளுக்கு வால் இருக்கிறது.

மணி பெரிதாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை, மின்னழுத்தம் கொடுத்துச் சொட்ட வைக்கும் கருவி வேண்டும் என்கிறார் என் கைடு. அந்தக் கருவிக்கு நான் வரிசையில் காத்திருக்க வேண்டும். அதற்குள் இப்போது இருப்பதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா? உண்மையிலேயே மணியின் அளவுதான் காரணமா?

பழைய_பைப்பெட்

தங்கச்சி, கைடு சொல்வதில் பாதி சரி. ஆனால் மணியைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பாருங்கள். ஆறு கிணறு ப்ளேட்டில் ஒரு கிணற்றின் பரப்பு ஏறக்குறைய 9.5 சதுர சென்டிமீட்டர். 5 மில்லி ஊற்றினால் மீடியம் 5 மிமீக்கு மேல் நிற்கும். மேலே காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் இந்த 5 மிமீயைப் பரவியே தாண்டி அடியில் கிடக்கும் மணிகளிடம் வர வேண்டும், அங்கே யாரும் கலக்கிவிடவில்லை. பாடநூல்களில் ஒரு செல்லுக்குப் போட்டிருக்கும் ஆக்சிஜன் தேவையை எடுத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், அந்த அடித்தளத்துக்கு வந்து சேருவது இரண்டு மூன்று மில்லியன் செல்களுக்குத்தான் போதும். நீங்கள் இறக்கியிருப்பது 30 மில்லியன்! மணி எந்த அளவில் இருந்தாலும் அந்தக் கிணற்றில் மூச்சுத் திணறத்தான் செய்யும். மின்னழுத்தக் கருவி வந்து 400 மைக்ரானில் மணி செய்தாலும் இதே ப்ளேட்டில் இதே கதைதான் நடக்கும்.

அதனால் இன்றே செய்யக்கூடியது: ஒரு கிணற்றில் மணிகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். மீடியத்தை 2 மில்லியாகக் குறையுங்கள். ப்ளேட்டை இன்குபேட்டருக்குள் மெதுவாக ஆடும் ஷேக்கரில் வையுங்கள். சுழல் குடுவை இருந்தால் இன்னும் நல்லது. மீடியம் குறைந்தால் ஊட்டம் போதாதே என்று தோன்றும், அதற்குத் தினமும் மாற்றிக்கொள்ளலாம். குளுக்கோஸ் தீர்வதற்கு முன்னாலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும், எப்போதும் அதுதான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் மீடியத்தில் கரைந்த ஆக்சிஜன் சுமார் 0.2 மில்லிமோலார். உங்கள் ஆர்பிஎம்ஐயில் குளுக்கோஸ் 11 மில்லிமோலார். ஐம்பது மடங்கு வித்தியாசம்.

அடுத்து, மணி உப்புவது. அதற்குக் காரணம் பாஸ்பேட். அல்ஜினேட் சங்கிலியில் குலுரோனிக் அமிலத் தொடர்கள் இருக்கும் இடங்களில் இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்து, நடுவில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முட்டை அட்டையில் முட்டை உட்காருவதைப் போல என்று 1973இலேயே படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தக் கால்சியத்தை உருவும் எதுவும் மணிக்கு எதிரி. பாஸ்பேட், சிட்ரேட், ஈடிடிஏ மூன்றும் உருவும். நீங்கள் பாஸ்பேட் பஃபரில் கழுவும்போதே வேலை ஆரம்பித்துவிடுகிறது. பிறகு மணிகளைப் போடுவது ஆர்பிஎம்ஐ மீடியத்தில். அதில் கால்சியம் 0.4 மில்லிமோலார்தான், பாஸ்பேட்டோ 5 மில்லிமோலாருக்கும் மேல். டிஎம்இஎம் என்ற இன்னொரு மீடியத்தில் இது தலைகீழ்: கால்சியம் 1.8, பாஸ்பேட் 1க்குக் கீழே. ஒரே நாளில் செய்த மணிகளைப் பிரித்து இரண்டிலும் போட்டுப் பாருங்கள், வாரக் கடைசியில் விரலாலேயே வித்தியாசம் தெரியும். இன்ஸ்-1க்கு ஆர்பிஎம்ஐதான் வழக்கம் என்பது தெரியும். ஒரே நாளில் மாற்றாமல் பாதி பாதியாகக் கலந்து பழக்குங்கள். கழுவுவதற்கு ஹெப்பெஸ் பஃபர் சேர்த்த உப்புநீர், அதில் ஒன்றிரண்டு மில்லிமோலார் கால்சியம். அவ்வளவுதான்.

பேரியம் போட்டால் மணி கல் மாதிரி நிற்கும். 10 முதல் 20 மில்லிமோலார் போதும். ஆனால் கழுவாமல் விட்ட பேரியம் செல்லுக்கு விஷம். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால் விஷயம் சின்னது. ஊசி முனைக்கும் குளியலுக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால் சொட்டு உருண்டையாகத் திரள நேரம் கிடைக்காது. தூரத்தைக் கூட்டுங்கள். ரொம்ப உயரத்திலிருந்து விட்டால் விழுந்து தட்டையாகும், நடுவில் ஒரு இடம் பிடிபடும். குளியலில் ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) துளியூண்டு சேர்த்தால் நீர்ப்பரப்பு சொட்டை அடிக்காமல் உள்ளே விடும். கையால் அழுத்தாதீர்கள், சிரிஞ்சு பம்ப் கேட்டு வாங்குங்கள். கை அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும், மணி அளவும் கூடவே மாறும்.

ஊசியை மெலிதாக்கி மணியைச் சிறிதாக்கலாம் என்று நினைத்தால், அது பெரிதாக உதவாது. சொட்டு தானாக விழும்போது அதன் எடையைத் தீர்மானிப்பது ஊசியின் வெளிவிட்டமும் பரப்பு இழுவிசையும். வெளிவிட்டத்தைப் பாதியாக்கினால் சொட்டின் எடை பாதியாகும், ஆனால் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். உங்கள் 27 கேஜில் 2.5 மிமீ பக்கம் வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே போக வேண்டுமானால் சொட்டை யாராவது பிடித்து இழுக்க வேண்டும்: ஊசியைச் சுற்றி ஓடும் காற்று, அல்லது சில கிலோவோல்ட் மின்னழுத்தம். காற்றுக்கு ஊசிக்குள் ஊசி வைத்த எளிய அமைப்பை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். கைடிடம் கேளுங்கள், வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: நாளைக்கு செல் வரிசையை விட்டு உண்மையான கணையத் தீவுகளுக்கு (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்கள்) மாறினால் இந்த மெல்லிய ஊசியைக் கனவிலும் தொடாதீர்கள். தீவுகள் 50 முதல் 500 மைக்ரான் வரை இருக்கும். 27 கேஜின் உள்விட்டம் 200 மைக்ரான் சொச்சம். பெரிய தீவுகள் கிழிந்துதான் வெளியே வரும்.

கன்ஃபோகல்_கண்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம். ஆனால் ஒன்றை யாரும் கேட்கவில்லை. நடுவில் இருட்டு என்கிறீர்களே, அது சாவா, இல்லை கருவிக்கு எட்டாத ஆழமா?

சாதாரண கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப், செல் அடர்த்தியான ஜெல்லுக்குள் நூறு இருநூறு மைக்ரானுக்கு மேல் உருப்படியாகப் பார்க்காது. ஒளி சிதறிவிடும். 2.5 மிமீ மணியின் மையம் மேலிருந்து 1,250 மைக்ரான் ஆழத்தில் இருக்கிறது. அங்கே செல் உயிரோடு குதித்துக்கொண்டிருந்தாலும் உங்கள் படத்தில் கறுப்புதான். முதல் நாள் "எல்லாம் பச்சை" என்றதும் விளிம்பைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: செத்து ஓரிரு நாள் ஆன செல்லின் டிஎன்ஏ சிதைந்துபோனால் ப்ரொபிடியம் ஒட்ட இடமிருக்காது, சிவப்பும் வராது. ஆக, கறுப்பு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் இருக்கலாம்.

மணியைச் சாயத்தில் முழு நேரம் ஊறவிட்டு, கூர்மையான ப்ளேடால் சரிபாதியாக வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்துப் பாருங்கள். நான் எந்த மணியையும் வெட்டாமல் நம்புவதில்லை. மாணவர்கள் கொண்டுவரும் பச்சைப் படங்களைப் பார்த்தால் முதலில் கேட்பது "எந்த ஆழத்தில் எடுத்தது?" என்பதுதான்.

இன்னொன்று. பச்சை என்றால் உயிர் இருக்கிறது, அவ்வளவே. வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல், ஆக்சிஜன் குறையும்போது சாவதற்கு வெகு முன்னாலேயே சுரப்பதை நிறுத்திவிடும். 2.8 மில்லிமோலார் குளுக்கோஸில் ஒரு மணி நேரம், பிறகு 16.7இல் ஒரு மணி நேரம் வைத்து, வெளியே வந்த இன்சுலினை அளந்து இரண்டுக்கும் விகிதம் எடுங்கள். அடைக்காத செல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய மணியில் இன்சுலின் வெளியே வரத் தாமதமாகும், அதனால் ஒரே புள்ளியில் எடுக்காமல் பத்துப் பத்து நிமிடமாக எடுத்தால் உண்மை தெரியும். மணியில் செல்கள் பச்சையாகவும் விகிதம் ஒன்றாகவும் இருந்தால், உங்களிடம் இருப்பது சர்க்கரைக்குக் கண் மூடிக்கொண்ட செல்கள். சிகிச்சைக்கு அதனால் பயனில்லை.

அப்புறம், இன்ஸ்-1 பெருகும் செல். விளிம்பில் ஆக்சிஜன் கிடைப்பதால் அங்கே பெருகி, உள்ளே போகும் கொஞ்ச ஆக்சிஜனையும் அதுவே குடித்துவிடும். நீங்கள் பார்த்த பச்சை வளையத்தில் இதுவும் கலந்திருக்கும். ஆரம்ப அடர்த்தியை மில்லிக்கு 5 மில்லியனில் தொடங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அல்ஜினேட்_மாணவி

அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வெட்டிப் பார்த்தேன். மையத்தில் உண்மையிலேயே செத்த செல்கள் இருக்கின்றன, ஆனால் படத்தில் தெரிந்த அளவுக்கு அகலமாக இல்லை. மணிகளைக் குறைத்து, மீடியத்தைக் குறைத்து, ஷேக்கரில் வைத்த கிணறுகளில் சிவப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. மணி அளவை இன்னும் மாற்றவே இல்லை!

இப்போது புதுக் குழப்பம். அடுத்த கட்டத்தில் எங்கள் குழு எலிகளின் வயிற்றறையில் வைத்துப் பார்க்கப் போகிறது. 500 மைக்ரானுக்குக் கீழே செய் என்கிறார் கைடு. ஆனால் 1.5 மிமீ மணிகள்தான் உடலில் நன்றாக நின்றன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஆக்சிஜன் கணக்குப்படி சிறியதுதானே நல்லது? யார் சொல்வது சரி?

பழைய_பைப்பெட்

இந்தத் துறையின் தலைவலியே இதுதான். இரண்டும் சரி, இரண்டும் ஒன்றையொன்று வெட்டும்.

நீங்கள் சொல்வது 2015இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வந்த எம்ஐடி குழுவின் வேலை. ஒரே அல்ஜினேட்டில் வெவ்வேறு அளவில் கோளங்கள் செய்து எலிகளின் வயிற்றறையில் வைத்தார்கள். 0.5 மிமீ கோளங்களைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் (எதிர்ப்பு மண்டலத்தின் விழுங்கும் செல்கள்) ஒட்டி, நார்த்திசு போர்த்திவிட்டது. 1.5 மிமீயும் அதற்கு மேலும் இருந்தவை பெரும்பாலும் சுத்தமாக இருந்தன. பெரிய மணிகளில் அடைத்த கணையத் தீவுகள் சர்க்கரை நோயுள்ள எலிகளில் 180 நாள் வரை சர்க்கரையைக் கட்டுப்படுத்தின. வழக்கமான சிறிய மணிகளை விட ஐந்து மடங்கு நீண்ட காலம். அது வரும்வரை "சிறிது, இன்னும் சிறிது" என்றுதான் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

நார்த்திசு ஏன் அவ்வளவு முக்கியம்? வெளியிலிருந்து எது வந்தாலும் அதன் மேல் முதலில் புரதங்கள் படியும். அவற்றைப் பார்த்து மேக்ரோபேஜ்கள் வந்து ஒட்டும், தின்ன முடியாவிட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து பெருஞ்செல்களாகும், பிறகு கொலாஜன் போட்டு மூடிவிடும். ஒட்டியிருக்கும் அந்தச் செல்களே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பீட்டா செல்லுக்கு அது கல்லறை. எதிர்ப்பு மண்டலம் உள்ளே நுழையவே வேண்டாம், வெளியே நின்று கதவை அடைத்தாலே முடிந்தது.

ஆக்சிஜனுக்கு வருவோம். உங்கள் ப்ளேட்டில் மேல்மட்டத்தில் 140 மிமீ மெர்குரி அளவுக்கு ஆக்சிஜன் அழுத்தம் இருக்கும். வயிற்றறையில் 40 பக்கம்தான். ப்ளேட்டில் பிழைத்த மணி வயிற்றில் பிழைக்கும் என்று எண்ணவே கூடாது. கணையத்துக்குள் தீவுகள் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான், ஆனால் கணையத்துக்கு வரும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவைதான் எடுத்துக்கொள்கின்றன. அவ்வளவு சொகுசாக இருந்த செல்லை ரத்தக்குழாயே இல்லாத ஜெல்லுக்குள் உட்காரவைக்கிறோம்.

எலிக்கு இது சமாளிக்கக்கூடியது. மனிதனுக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். சுமார் 5 லட்சம் தீவுகள் வேண்டும் என்று வைப்போம், ஒவ்வொன்றும் 150 மைக்ரான். அந்தத் திசுவின் மொத்தக் கன அளவு ஒரு மில்லிக்கும் குறைவு. தீவுக்கு ஒரு மணி வீதம் 500 மைக்ரானில் அடைத்தால் 33 மில்லி. 1 மிமீயில் அடைத்தால் 262 மில்லி. 1.5 மிமீ என்றால் ஒரு மணிக்குப் பல தீவுகளைத் திணித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது கிட்டத்தட்ட 900 மில்லி. திணித்தால் திரும்பவும் ஆக்சிஜன் பிரச்சினை. இந்தக் கணக்கைப் போடாமல் எலியில் வெற்றி என்று குதிக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: இரண்டு அளவிலும் செய்யுங்கள், ஆனால் முதலில் செல் இல்லாத வெறும் மணிகளை வையுங்கள். சில வாரம் கழித்து எடுத்து, எத்தனை மணிகள் தனித்தனியாக மிதக்கின்றன, எத்தனை கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். வெறும் மணியே போர்த்திக்கொண்டால் பழி அளவின் மேலோ, அல்ஜினேட்டின் சுத்தத்தின் மேலோ. வெறும் மணி சுத்தமாக இருந்து, செல் வைத்த மணி மட்டும் போர்த்தினால் உள்ளிருந்து கசியும் புரதம்தான் கூப்பிட்டிருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத தரவை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது.

சுத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது: உணவுத் தரத்தில் வரும் அல்ஜினேட்டைத் தொடவே தொடாதீர்கள். கடற்பாசியிலிருந்து வருவதால் பாலிஃபீனால், புரதம், எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) எல்லாம் கூடவே வரும். எண்டோடாக்ஸின் அளவு எழுதிய, சுத்திகரித்த வகையை வாங்கச் சொல்லுங்கள். அதை ஆட்டோக்ளேவில் போடாதீர்கள், சங்கிலி உடைந்து பாகு தண்ணீராகிவிடும். நீர்த்த கரைசலாக 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, உறையவைத்து உலர்த்தி, பிறகு வேண்டிய அடர்த்தியில் கரைத்துக்கொள்வதுதான் வழி. பாலி-எல்-லைசின் மேற்பூச்சு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதன் நேர்மின் முனைகள் வெளியே தெரிந்தால் மேக்ரோபேஜுக்கு அழைப்பிதழ். போட்டால் அதற்கு மேல் இன்னொரு அல்ஜினேட் அடுக்கு கட்டாயம். முதல் சுற்றில் இது வேண்டாம்.

பம்ப்_போட்டவன்

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் ஆய்வாளன் இல்லை. சின்ன வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் பம்ப் போட்டிருக்கிறேன். "உறைக்குள் அடைத்த செல்கள், எதிர்ப்பை அடக்கும் மாத்திரையே வேண்டாம்" என்ற செய்தியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே பார்க்கிறேன். எப்போதும் "இன்னும் ஐந்து ஆண்டுகளில்" என்றுதான் முடியும். உண்மையில் எங்கே நிற்கிறது? மழுப்பாமல் சொல்ல முடியுமா சார்?

பழைய_பைப்பெட்

மன்னிப்பெல்லாம் எதற்கு, இந்த வேலை நடப்பதே உங்களுக்காகத்தான்.

யோசனை பழசு. மெக்கில் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சாங் அரைஊடுருவு நுண்ணுறைகளைப் பற்றி சயன்ஸ் இதழில் எழுதியது 1964இல். 1980இல் லிம், சன் இருவரும் அல்ஜினேட், பாலி-லைசின் உறையில் கணையத் தீவுகளை அடைத்து எலிகளில் இரண்டு மூன்று வாரம் சர்க்கரையைச் சரியாக வைத்தார்கள். 1994இல் ஒரு மனிதருக்கு வைத்து, அவர் ஒன்பது மாதம் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார் என்று லேன்செட்டில் வந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே சிறுநீரக மாற்றுக்காக எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். இந்த ஒரு வரியைப் பல செய்திகள் விட்டுவிடும்.

2016இல் எம்ஐடி குழுவினர் அல்ஜினேட்டை வேதியியல் முறையில் மாற்றி, ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய மனித பீட்டா செல்களை அதில் அடைத்து, எந்த மருந்தும் கொடுக்காத சுண்டெலிகளில் 174 நாள் ஓட வைத்தார்கள். நானும் அன்று சந்தோஷப்பட்டேன். அந்த வழியில் வந்த சிஜிலான் நிறுவனம் ஹீமோஃபீலியா ஏ நோயாளிகளுக்கு, ரத்தம் உறையவைக்கும் எட்டாம் காரணியைச் சுரக்கும் செல்களைக் கோளங்களில் அடைத்து வைத்தது. 2021இல் ஒருவருக்கு அந்தக் காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டானதால் சோதனை நிறுத்தப்பட்டது. கோளங்களை வெளியே எடுத்துப் பார்த்தால் நார்த்திசு போர்த்தி, உள்ளே செல்கள் செத்திருந்தன. சுண்டெலி, குரங்கு எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்த பொருள் மனித வயிற்றில் வேறு மாதிரி நடந்துகொண்டது. நான் மேலே மாணவியிடம் எலியைப் பற்றிக் கொஞ்சம் எரிச்சலாகப் பேசியதற்கு இதுதான் காரணம்.

உங்கள் நோய்க்கு நேராக வந்தால்: வெர்டெக்ஸ் நிறுவனம் ஒரே மாதிரியான செல்களை இரண்டு வழியில் சோதித்தது. உறை இல்லாமல், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியே செலுத்தி, எதிர்ப்பை அடக்கும் மருந்தோடு கொடுத்ததில் 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். 2025இல் வெளியான முடிவு இது. அதே செல்களை ஒரு கருவிக்குள் அடைத்து, மருந்து இல்லாமல் வைத்த சோதனை, தேவையான அளவு இன்சுலின் வராததால் அதே 2025இல் கைவிடப்பட்டது. என்னைப் பொறுத்தவரை செல் பிரச்சினை ஓரளவு தீர்ந்துவிட்டது, உறைப் பிரச்சினை தீரவில்லை. அதனால்தான் இப்போது பலர் உறையை விட்டுவிட்டு, எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாதபடி செல்லின் மரபணுவையே திருத்தும் பக்கம் போகிறார்கள்.

உறைக்குள் செல் என்ற யோசனையே தோற்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, என்செல்டோ என்ற கண் மருத்துவ உள்வைப்புக்கு அனுமதி கொடுத்தது. விழித்திரை நிறமிப் படலச் செல்களைச் சில மிமீ நீளக் குழலுக்குள் அடைத்து, கண்ணுக்குள் பொருத்துகிறார்கள். அவை சிஎன்டிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், மேக்டெல் என்ற விழித்திரை நோய் மோசமாவதை மெதுவாக்கும். ஏன் அங்கே மட்டும் ஓடியது? தேவைப்படுவது சில லட்சம் செல்கள்தான், கோடிக்கணக்கில் இல்லை. அந்தச் செல்கள் பட்டினியைத் தாங்கும் வகை. சர்க்கரையைப் பார்த்து நிமிடத்துக்கு நிமிடம் சுரப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை, ஒரே சீராகச் சொட்டினால் போதும். கண்ணும் எதிர்ப்பு மண்டலம் அடக்கி வாசிக்கும் இடம். பீட்டா செல்லுக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடையாது.

இன்னொரு வகை, செல்லை நிரந்தரமாக வைக்காமல் கொஞ்ச நாள் மட்டும் வேலை வாங்குவது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு வந்த 8 குழந்தைகளுக்கு, கொடையாளர் கல்லீரல் செல்களை அல்ஜினேட் மணிகளில் அடைத்து வயிற்றறையில் செலுத்தினார்கள். 4 குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றே தேவைப்படவில்லை. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய சோதனை, அதனால் அடக்கமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அங்கே மணி சில வாரம் நின்றால் போதும், குழந்தையின் சொந்தக் கல்லீரல் தேறிவிடும் வரைக்கும். நார்த்திசு வந்து மூடுவதற்கு முன்னால் வேலை முடிந்துவிடுகிறது. எனக்கு இந்தப் பக்கம்தான் அதிக நம்பிக்கை.

எனவே உங்களுக்கு என் பதில்: உறை போட்ட பீட்டா செல்லுக்கு ஆண்டு சொல்ல மாட்டேன். பம்பைக் கழற்றாதீர்கள். "மருந்தே வேண்டாம், உறைச் செல் சிகிச்சை" என்று யாராவது பணம் கேட்டால், எந்தப் பதிவு பெற்ற மருத்துவச் சோதனை, அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். உண்மையான சோதனையில் சிகிச்சைக்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

பம்ப்_போட்டவன்

இப்படி நேராக யாரும் சொன்னதில்லை. நன்றி சார். நாலு வரியில் முடிப்பீர்கள் என்று நினைத்தேன்.

அல்ஜினேட்_மாணவி

அண்ணா, இன்னும் ஒன்றே ஒன்று. மணிக்குள் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க மணியைக் கரைக்க வேண்டும். ட்ரிப்சின் போட்டேன், அப்படியே கிடக்கிறது. என்ன செய்வது?

கன்ஃபோகல்_கண்

ட்ரிப்சின் புரதத்தைத்தான் வெட்டும், அல்ஜினேட் சர்க்கரைச் சங்கிலி. 50 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட்டை உப்புநீரில் கலந்து, பிஎச் 7.4க்குக் கொண்டுவந்து, 37 டிகிரியில் மெதுவாக ஆட்டினால் சில நிமிடத்தில் கரைந்துவிடும். பெரிய மணி என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம். முழுக்கக் கரைந்ததும் உடனே மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மீடியத்தில் எடுத்து, செத்த செல்லை நீலமாக்கும் ட்ரிப்பான் ப்ளூவில் எண்ணுங்கள். சிட்ரேட்டில் அதிக நேரம் விட்டால் நல்ல செல்லும் நீலமாகிவிடும். பேரியத்துக்கு மாறினால் இந்த முறை சரியாக வேலை செய்யாது, அப்போது ஈடிடிஏ எடுத்துக்கொள்ளுங்கள். செத்து நாளான செல்கள் இதற்குள் சிதைந்து கணக்கிலேயே வராது. அதனால் சதவீதத்தோடு நிறுத்தாமல், மணிக்கு மொத்தம் எத்தனை செல் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.